ராடு வெல்டிங்கில் பாதுகாப்பு: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரில் கேட், ஜன்னல் கம்பி, தகரக் கூரை, டிராக்டர் டிரெய்லர் ரிப்பேர். எங்கள் பட்டறையில் நடப்பது இவ்வளவுதான். எல்லாம் ராடு வெல்டிங், அதாவது ஆர்க் வெல்டிங்: கரன்ட் ஓடும் ராடின் நுனியில் எழும் பொறி (ஆர்க்) இரும்பையும் ராடையும் உருக்கி ஒட்டுவது. வேலை கற்க வரும் பையன்கள், வேலை கொடுக்கும் வீட்டுக்காரர்கள், ஆன்லைனில் சின்ன இன்வெர்ட்டர் மெஷின் வாங்கிவிட்டு போன் போடுபவர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் சூடும் ஷாக்கும்தான் உடனே தெரியும். மற்றதெல்லாம் தாமதமாக வரும். கண்வலி நடு ராத்திரி வரும், ஜுரம் சாயங்காலம் வரும், தீ நாம் டீ குடிக்கப் போன பிறகு பிடிக்கும், நெஞ்சுக் கோளாறு இருபது வருஷம் கழித்து வரும். அதனால் "அப்படித்தான்ணே அடிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொன்னால் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பகலில் வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது ராத்திரி, கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது. பார்வை போய்விடுமா?

போகாது, பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் அந்த ஒரு ராத்திரியை மறக்க முடியாது.

வெல்டிங் பொறியில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு புற ஊதாக் கதிரும் வருகிறது. அது கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. வெயிலில் நின்றால் முதுகுத் தோல் உரிகிறதே, அதே வேலை கண்ணில் நடக்கிறது. சுட்ட செல்கள் உதிர்வதற்கு ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஆகும். அதனால்தான் பகல் இரண்டு மணிக்கு வாங்கியது ராத்திரி பத்து, பதினொன்றுக்கு வேலையைக் காட்டுகிறது.

நான் தொழிலுக்கு வந்த முதல் மாதம் இது எனக்கே நடந்தது. மேஸ்திரிக்குக் கம்பி பிடிக்கிற வேலை. அவர் கையில் ஷீல்டு (கருப்புக் கண்ணாடி வைத்த முகமறைப்பு), என் கையில் ஒன்றுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொள் என்றார், திருப்பிக்கொண்டேன். ஆனால் கம்பி நகருகிறதா என்று நடுநடுவே பார்க்காமல் எப்படிப் பிடிப்பது? ராத்திரி விழித்துப் பார்த்தால் இமைக்குள் யாரோ உப்புத்தாளை வைத்து இழுப்பது போல இருந்தது. கண்ணைத் திறந்தாலும் வலி, மூடினாலும் வலி. தலையணை நனைய நனைய நீர் கொட்டியது. ஜீரோ வாட் பல்பைக்கூடப் பார்க்க முடியவில்லை. அம்மா ஈரத்துணியை மடித்து வைத்துக்கொண்டு விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கண்ணைத் தேய்க்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். இருட்டறையில் படுத்துக்கொண்டு, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமை மேல் வையுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். ஒரு நாளில் குறையாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, ஒரு கண்ணில் மட்டும் வலி இருந்தாலோ கண் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு கண் மட்டும் உறுத்தினால் அது வெளிச்சம் பட்டதாக இல்லாமல், இரும்புத் துகளே உள்ளே இருக்கலாம்.

தாய்ப்பால் விடலாமா? உருளைக்கிழங்கை நறுக்கி வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

மூடிய இமை மேல் வைத்தால் உருளைக்கிழங்கு குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். அந்தக் குளிர்ச்சி ஈரத்துணியிலேயே கிடைக்கிறது. கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் வேண்டாம். தோல் உரிந்த கருவிழி அது, கிருமி உள்ளே போக வழி திறந்து கிடக்கிறது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. மெடிக்கலில் போய் "வெல்டிங் அடிச்சிருச்சு, சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்குவது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டால் வலி மாயமாய் மறையும். உடனே இன்னும் இரண்டு சொட்டு விடத் தோன்றும். அந்த மருந்து திரும்பத் திரும்பப் பட்டால் கருவிழி ஆறாது, புண்ணாகிவிடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் டாக்டர் சொல்லாமல் கூடாது.

எந்த நம்பர் கண்ணாடி வாங்குவது?

ராடு வெல்டிங்குக்கு, வீட்டு வேலை அளவில், 10 நம்பர் கண்ணாடி போதும். 12 நம்பர் ராடு (2.5 மி.மீ.) 60 முதல் 90 ஆம்பியரில் ஓடும், 10 நம்பர் ராடு (3.15 மி.மீ.) 90 முதல் 130 வரை ஓடும். இரண்டுக்கும் 10 சரி. 8 நம்பர் ராடு (4 மி.மீ.) போட்டு 160 ஆம்பியரைத் தாண்டினால் 11 அல்லது 12க்குப் போங்கள்.

புதுப் பையன்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். ராடில் நம்பர் ஏற ஏற ராடு மெலியும். கண்ணாடியில் நம்பர் ஏற ஏறக் கருமை கூடும். "10 நம்பர் எடுத்துட்டு வா" என்றால் கடைக்காரர் எதைக் கொடுப்பார் என்று சொல்ல முடியாது.

கருமை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்து 13 வாங்குபவர்களும் உண்டு. அதில் உருகிய இரும்புக் குட்டை தெரியாது. தெரியாததால் முகத்தைக் கிட்டக் கொண்டுபோவார்கள், புகை நேராக மூக்குக்குள் போகும். குட்டையும் அதன் ஓரமும் தெளிவாகத் தெரிய வேண்டும், வேலை முடிந்து நிமிர்ந்தால் கண்ணில் பொட்டுப் பொட்டாகத் தெரியக்கூடாது. அதுதான் சரியான அளவு.

கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கண்ணாடி போட மறக்க வேண்டாம். விலை சொற்பம். பொறி தெறித்துப் புள்ளி விழுவதெல்லாம் அதன் மேல்தான், மாற்றிக்கொண்டே இருக்கலாம். கருப்புக் கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தால்கூடத் தூக்கிப் போடுங்கள்.

டேக் மட்டும்தானே, கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் போதாதா? கூலிங் கிளாஸ் போட்டால்?

டேக் என்றால் முழு வெல்டுக்கு முன் கம்பியை நிறுத்தி வைக்கப் போடும் சின்னப் பொட்டு. ஒரு கேட்டுக்கு நாற்பது டேக் விழும். ஒவ்வொன்றிலும் ராடு ஒட்டியதா, கம்பி நகர்ந்ததா என்று அரை நொடி முன்னதாகவே கண்ணைத் திறப்போம். அந்த அரை நொடிகளைக் கண் கூட்டிக்கொண்டே வரும். காலையில் வாங்கியதும் மாலையில் வாங்கியதும் ஒரே கணக்கில்தான் சேரும். எங்கள் பட்டறையில் கண்வலி வந்தவர்களில் பாதிப் பேர் டேக் அடித்தவர்கள்தான். முழு வெல்டு வைப்பவன் எப்படியும் ஷீல்டைத் தூக்கிவிடுவான்.

கூலிங் கிளாஸ் வெயிலுக்கு. இருபுறமும் மேலும் கீழும் திறந்து கிடக்கும், முகத்தையும் மறைக்காது. அதை நம்பி வெல்டிங் பொறியைப் பார்ப்பது வெறும் கண்ணால் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். வெளிச்சம் கூசாததால் இன்னும் கூடுதல் நேரம் பார்த்துத் தொலைப்போம்.

தானாகக் கருக்கும் ஹெல்மெட் நல்லதா? ஒரு கணம் தாமதமாகக் கருத்தால் கண் என்னாகும்?

நல்லது. குறிப்பாக டேக் வேலைக்கும் கற்றுக்கொள்பவர்களுக்கும். இரண்டு கையும் காலியாக இருக்கும், ராடை எங்கே வைக்கிறோம் என்பது அடிக்கும் முன்பே தெரியும்.

தாமதத்தைப் பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது. தரமான ஹெல்மெட்டில் உள்ள வடிகட்டி, கருக்காமல் வெளிறி இருக்கும்போதும் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். கருப்பது கூச்சத்துக்காக. ஆகவே ஒரு தடவை கருக்காமல் போனால் கண் கூசும், ஆனால் ராத்திரி மண் அள்ளிப் போடாது. இது தரமானதற்கு மட்டும். பெட்டியில் தர முத்திரை எதுவும் இல்லாமல் பாதி விலைக்கு வருவதற்கு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முன்பக்கம் இருக்கும் சென்சாரைக் கம்பியோ கையோ மறைத்தால் கருக்காது. கிரைண்டிங்குக்கு மாற்றி வைத்துவிட்டு மறந்துபோய் அப்படியே வெல்டிங் அடிப்பதும் அடிக்கடி நடக்கும். காலையில் எடுத்ததும் ஒரு தடவை சூரியனைக் காட்டிக் கருக்கிறதா என்று பாருங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் பொறி பட்டுக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளுமாமே?

இது பல வருஷமாக உலகம் முழுக்கச் சுற்றும் கதை. அப்படி ஒட்டாது. ஷீல்டு போட்டு வேலை செய்யலாம். தூசி உள்ளே போனால் கழற்றக் கை சுத்தமாக இருக்காது என்பதால், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது வசதி.

எங்கள் வீட்டு வாசலில் கேட் மாட்டுகிறார்கள். பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டன. என்ன செய்வது?

எவ்வளவு கிட்டே, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்த்ததற்கு ஒன்றும் ஆகாது. பத்தடிக்குள் நின்று சில நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் ராத்திரி கண் உறுத்தலாம், முகம் சிவக்கலாம். மேலே சொன்ன ஈரத்துணி வைத்தியமே போதும். பார்க்கும்போது நடுவில் கரும்புள்ளி தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் மறுநாளே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வேலை கொடுப்பவர் நீங்கள் என்றால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பழைய தார்ப்பாய், பிளைவுட் பலகை, தகர ஷீட் என்று எதையாவது தெருப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்திலும் புற ஊதா கொஞ்சம் வரும். அதனால் வெல்டருக்குப் பின்னால் நின்றால் பத்திரம் என்பதும் முழு உண்மையில்லை. அப்புறம், சமையல்கட்டு ஜன்னலுக்குக் கம்பி வைக்கும்போது உள்ளே இருக்கும் கேஸ் சிலிண்டரை வேறு அறைக்கு மாற்றுங்கள். யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

என்ன உடை போட வேண்டும்? இந்த வெயிலில் தோல் ஏப்ரன் எல்லாம் நடக்கிற காரியமா?

மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தோல் ஜாக்கெட் போடு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் முழுக்கைப் பருத்திச் சட்டை, கனத்த பருத்தி பேன்ட், தோல் கையுறை, மூடிய ஷூ, இந்த நான்கும் இல்லாமல் வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துணியில் பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி பொசுங்கி ஓட்டை விழும், அதோடு போகும்.

சட்டையின் மேல் பட்டனைப் போடுங்கள். கழுத்துக்குக் கீழே முக்கோணமாகத் தோல் கருத்துப்போய்த் திரியும் வெல்டர்களைப் பார்த்திருப்பீர்கள், அது பட்டன் போடாத அடையாளம். பேன்ட் காலை மடித்து விடாதீர்கள், பொறி போய் உட்காருவது அந்த மடிப்பில்தான். பேன்ட் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும். பாக்கெட்டில் லைட்டர் வைக்காதீர்கள்.

லுங்கியும் ரப்பர் செருப்பும் போட்டு அடிப்பவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். என் இடது பாதத்தில் மூன்று தழும்பு இருக்கிறது, மூன்றும் செருப்புக் காலத்துச் சொத்து.

வெல்டிங் மெஷினில் வோல்டேஜ் கம்மி என்கிறார்கள். ஷாக் அடித்தாலும் ஒன்றும் ஆகாதாமே?

இந்தப் பேச்சால்தான் ஆட்கள் போகிறார்கள்.

பொறி ஓடும்போது 20, 30 வோல்ட்தான். ஆனால் அடிக்காமல் சும்மா இருக்கும்போது ராடுக்கும், வேலை இரும்பில் கவ்வ வைக்கும் எர்த் கிளாம்புக்கும் நடுவில் 50 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். ராடு மாற்றுவது எப்போது? அடிக்காமல் இருக்கும்போதுதான். வோல்டேஜ் உச்சத்தில் நிற்கிற நேரம் பார்த்து வெறுங்கையால் ராடைத் தொடுகிறோம். கையுறை போட்டிருந்தாலும் அது வியர்வையில் நனைந்திருக்கும், முதுகு இரும்புச் சட்டத்தில் சாய்ந்திருக்கும். காய்ந்த தோலுக்குப் பெரிதாகத் தெரியாத வோல்டேஜ், நனைந்த உடம்புக்கு உயிரை எடுக்கும் அளவு. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின்கள் ஏசி என்பதால் இன்னும் மோசம், தசையைப் பிடித்து இறுக்கிவிடும், கையை விட முடியாது.

"வீட்டில் ஆர்சிசிபி இருக்கே, ட்ரிப் ஆகிவிடும்" என்றும் சொல்வார்கள். ஆகாது. கசிவு கண்டால் அணையும் அந்த ஸ்விட்ச், கரன்ட் லைனிலிருந்து கசிவதைத்தான் பார்க்கும். மெஷினின் உள்ளே ராடுப் பக்கத்துச் சுற்று தனி. அங்கே உங்கள் உடம்பு வழியாகப் போனால் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. மெஷின் பாடியில் கரன்ட் இறங்கினால் காப்பாற்றும், அதற்கு அது கட்டாயம் வேண்டும். மூன்று பின் பிளக்கும் சரியான எர்த்தும் அதற்காகத்தான். கம்பத்தில் கொக்கி போட்டு மெஷின் ஓட்டுபவர்களுக்கு இது ஒன்றுமே கிடையாது.

ஆகவே ராடு மாற்றும் கையில் காய்ந்த கையுறை இருக்கட்டும், இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ராடைப் பிடிக்கும் ஹோல்டரைக் கக்கத்தில் இடுக்காதீர்கள். ஈரத்தரையில் உட்காராதீர்கள், ஒரு மரப்பலகையோ ரப்பர் பாயோ போதும். மழையில் நிறுத்திவிடுங்கள். கேபிளில் செம்பு எட்டிப் பார்க்கும் இடத்தில் டேப் சுற்றுவது ஒரு வாரத்துக்குத்தான் வரும், வெட்டிவிட்டு இணைப்பான் போடுங்கள். உயரத்தில் இருக்கும்போது சின்ன ஷாக்கே போதும், ஷாக் கொல்லாது, விழுவது கொல்லும்.

யாருக்காவது அடித்துவிட்டால் முதலில் மெயினை அணையுங்கள், அப்புறம்தான் ஆளைத் தொட வேண்டும். மூச்சில்லை என்றால் 108க்குச் சொல்லிவிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள்.

எர்த் கிளாம்பை எங்கே மாட்டுவது?

வெல்டு விழும் இடத்துக்குப் பக்கத்தில், அதே இரும்பில், பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும். பெயர்தான் எர்த், உண்மையில் அது கரன்ட் திரும்பிப் போகும் பாதை. நூறு ஆம்பியருக்கு மேல் போகிற பாதை. சோம்பல்பட்டு ஷட்டரிலோ, கட்டட முறுக்குக் கம்பியிலோ, தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால் அந்த நூறு ஆம்பியர் தனக்கு வசதியான வழியைத் தேடிப் போகும். வழியில் தளர்வான இணைப்பு இருந்தால் அங்கே பழுக்கும். வண்டியில் அடிக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கிளாம்பும் ராடும் பேரிங்குக்கு இருபுறமும் இருக்கக்கூடாது. பேரிங் குண்டுகள் வழியே பொறி ஓடி, பத்தே நாளில் சத்தம் போடும்.

ஜி.ஐ. பைப் அடித்த அன்று ராத்திரி குளிர் ஜுரம். பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்கிறார்களே?

ஜி.ஐ. பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருகவே கிட்டத்தட்ட 1,500 டிகிரி வேண்டும். அதாவது இரும்பு உருகுவதற்கு முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடுகிறது. பைப்பைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படிந்து பறக்குமே, அதுதான். அதை இழுத்தால் நான்கிலிருந்து பத்து மணி நேரத்தில் வாயில் இனிப்பும் உலோகமும் கலந்த ருசி, உடம்பு வலி, நடுக்கம், ஜுரம். மலேரியாவோ என்று ரத்தம் பார்க்க ஓடியவர்கள் உண்டு. ஒன்றிரண்டு நாளில் தானே விட்டுவிடும்.

தினமும் ஜி.ஐ. அடிப்பவர்களுக்கு இரண்டாம் நாளிலிருந்து தெரியாது, உடம்பு பழகிவிடும். ஞாயிறு லீவு விட்டுத் திங்கள் வந்தால் மறுபடி அடிக்கும். "திங்கட்கிழமைக் காய்ச்சல்" என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு.

பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டுக்கும் சந்திப்பே இல்லை. பாலும் வாழைப்பழமும் பசிக்குச் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெல்டு விழும் இடத்தில் இருபுறமும் இரண்டு அங்குலம் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடிப்பதுதான் வைத்தியம். ஜுரத்தோடு மூச்சு வாங்கினாலோ, இரண்டு நாளில் விடாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன உலோகம் அடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மஞ்சள் பளபளப்புள்ள பழைய போல்ட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கலாம். அந்தப் புகையும் தொடக்கத்தில் இதே ஜுரம் மாதிரிதான் காட்டும், ஆனால் ஆளையே கொல்லும்.

சாதா இரும்புதான் அடிக்கிறேன். அந்தப் புகையில் என்ன இருக்கிறது? கைக்குட்டை கட்டினால் போதுமா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. வெல்டிங் புகையை அது 1989இல் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் வைத்திருந்தது. 2017இல் அதை முதல் பிரிவுக்கு மாற்றியது. "உண்டாக்கும்" என்று உறுதியானவை அந்தப் பிரிவில் இருக்கின்றன, சிகரெட்டும் அதில்தான். அப்படி மாற்ற நுரையீரல் புற்றுநோய்தான் முக்கியக் காரணம். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மட்டுமில்லை, சாதா இரும்பு வெல்டிங்கும் இதில் சேர்த்தி. எஸ்.எஸ். புகையில் குரோமியமும் நிக்கலும் கூடுதல். ராடில் உள்ள மாங்கனீஸ் பல வருஷம் சேர்ந்தால் நரம்பைப் பிடித்து, கை நடுக்கத்தில் கொண்டுவிடும்.

புகையில் பெரும்பகுதி ராடிலிருந்தும் அதன் மேல்பூச்சிலிருந்தும் வருகிறது. துகள் மிகவும் நுண்ணியது, கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் சல்லடையில் மாவு சலித்த கதைதான். என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் முகத்தோடு ஒட்டி நின்றால் துகளைப் பிடிக்கும், தாடி இருந்தால் இடைவெளி விழும். வாயுவை அது பிடிக்காது.

மாஸ்க்கைவிட மலிவான ஒன்று உண்டு: உட்காரும் விதம். புகை நேராக மேலே ஏறும். குட்டைக்கு நேர் மேலே முகத்தை வைத்துக் குனிந்தால் அத்தனையும் ஷீல்டுக்குள் போகும். வேலையைத் திருப்பி வையுங்கள், பக்கவாட்டில் உட்காருங்கள், காற்று ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போகிற மாதிரி ஃபேனை வையுங்கள். பின்னாலிருந்து அடித்தால் முகத்துக்கு முன் சுழன்று நிற்கும், முன்னாலிருந்து அடித்தால் முகத்திலேயே அடிக்கும். மிக், டிக் என்பவை வெல்டைக் காக்க வாயு ஓட விடும் வெல்டிங் வகைகள். அவற்றில் ஃபேன் அந்த வாயுவைக் கலைத்துவிடும், அங்கே உறிஞ்சும் குழாய்தான் வழி.

பழைய கேட்டில் பெயின்ட்டோடு அடிக்காதீர்கள். முப்பது, நாற்பது வருஷத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

கிரீஸ் போக பிரேக் கிளீனர் அடித்துவிட்டு வெல்டிங் வைக்கலாமா?

கூடாது. குளோரின் கலந்த கிளீனர்களின் ஆவியில் பொறியின் சூடும் புற ஊதாவும் பட்டால் பாஸ்ஜீன் வரும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, நன்றாகக் காய விட்டு அடியுங்கள்.

வெல்டிங் பொறியில் உண்மையிலேயே தீப்பிடிக்குமா? விழும்போதே அணைந்துவிடுகிறதே.

அணைந்த மாதிரி தெரியும். ஒரு வீட்டு மாடியில் பால்கனிக் கம்பி வைத்துக்கொண்டிருந்தோம். கீழே ஓரமாக ஒரு பழைய மெத்தை சுருட்டி நிறுத்தியிருந்ததை ஏறும்போதே பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. வேலை முடிந்து டீக்கடைக்குப் போய்த் திரும்பினால் மெத்தையின் மடிப்புக்குள்ளிருந்து நூல் மாதிரி புகை. தீ இல்லை, சத்தம் இல்லை. பிரித்தபோது உள்ளே தேங்காய் அளவுக்குக் குழி விழுந்து கனன்றுகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்தது. பக்கத்திலேயே தொட்டி இருந்ததால் தப்பித்தோம். இன்னொரு டீ சொல்லியிருந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பிரம்மாண்டமான பயணிகள் கப்பல் எரிந்து, மறுநாள் சாய்ந்தது. கேஸ் கட்டிங் பொறி, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்தது. அங்கிகளுக்குள் இருந்தது இலவம் பஞ்சு. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் மேலே சாலையில் வெல்டிங் நடந்தது. உருகிய துளிகள் இடைவெளி வழியாக இறங்கிக் கீழ்க்கூரையில் இருந்த தெர்மாகோல் வகைப் பொருளைப் பற்றவைத்தன. 17 பேர் இறந்தார்கள், எல்லாம் புகையால். நம் வீடுகளிலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன கிடக்கிறது என்று யார் ஏறிப் பார்க்கிறோம்?

பொறி உருண்டு ஓடும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியில் சுற்றிலும் 35 அடி, அதாவது 11 மீட்டர், எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது. நகர்த்த முடியாததை நனைத்த சாக்கு போட்டு மூடலாம். தரை விரிசலை மண் போட்டு அடையுங்கள். சுவரிலோ தகரத்திலோ அடித்தால் மறுபக்கம் என்ன சாய்த்து வைத்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், முடிந்தால் பவுடர் தீயணைப்பான். மெஷினில் பிடித்தால் மட்டும் தண்ணீர் ஊற்றாமல் மெயினை அணையுங்கள்.

வேலை முடிந்ததும் குறைந்தது அரை மணி நேரம், பஞ்சு, வைக்கோல், கீற்று இருக்கிற இடம் என்றால் ஒரு மணி நேரம், யாராவது இருந்து பார்க்க வேண்டும். சாமானைக் கட்டும் வேலையை, கூலிக் கணக்கு பேசுவதை எல்லாம் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலி டிரம்மில் கைப்பிடி வைக்க வேண்டும். பெட்ரோல் இல்லை, டீசல்தான் இருந்தது. கழுவியும் விட்டோம்.

நாங்கள் செய்வதில்லை. எவ்வளவு கூலி கொடுத்தாலும்.

நிறைய டீசல் உள்ள டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்து. உள்ளே காற்றும் இருக்கிறது, மடிப்பு விளிம்பில் ஒட்டிய எண்ணெயும் இருக்கிறது. வெளியே ராடு பட்டதும் அந்த எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு கலந்து, அடுத்த கணம் மூடி பறக்கும். பெட்ரோல் மாதிரி டீசல் பற்றாது என்பது தரையில் ஊற்றினால்தான் உண்மை. தார் டிரம், பெயின்ட் டிரம், பெயர் தெரியாத ரசாயன டிரம் எல்லாவற்றுக்கும் இதே பதில். தண்ணீர் நிரப்பி அடிப்பது, ஆவி பிடித்துச் சுத்தம் செய்வது என்று முறைகள் உண்டு. அவை வாயுவை அளந்து பார்க்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு. பைக் டேங்க் ஓட்டை என்றால் புது டேங்க் வாங்குங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. டிரெய்லர் வீலில் டயரைக் கழற்றாமல் ரிம்மில் அடிக்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டாலும் கூடாது. சூட்டில் உள்பக்க ரப்பர் வெந்து வாயு கிளம்பும், அது பற்றி டயர் குண்டு மாதிரி வெடிக்கும். வெல்டிங்கை நிறுத்தி ஆள் நகர்ந்த பிறகும் வெடிக்கலாம். டயரைக் கழற்று, அப்புறம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

காற்று கம்ப்ரஸர் தொட்டி, கேஸ் சிலிண்டர் பக்கம் ராடையே கொண்டுபோக வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரில் ராடைத் தட்டிப் பொறி பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நான் பார்த்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவேன்.

தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி அடிக்க வேண்டியிருக்கிறது.

தனியாக இறங்காதீர்கள். மேலே ஒருவர், மெயின் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில், வேலை முடியும்வரை நகராமல் இருக்க வேண்டும். உள்ளே புது இரும்பில் துரு பிடிப்பதே ஆக்சிஜனைக் குறைத்துவிடும், மிக், டிக் வெல்டிங் என்றால் ஆர்கானும் கார்பன் டைஆக்சைடும் அடியில் தேங்கும், வாசனையே வராது. காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுவதற்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடாதீர்கள், சட்டை காகிதமாகப் பற்றிவிடும். உள்ளே ஒருவர் மயங்கினால் மேலே இருப்பவரும் குதிக்கக்கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு, 101க்குச் சொல்லுங்கள்.

ஸ்லாக் தட்டும்போதும் கண்ணாடி வேண்டுமா?

வேண்டும், வெள்ளைக் கண்ணாடி. ஸ்லாக் என்பது வெல்டின் மேல் படியும் கசடு. பட்டறையில் கண்ணுக்கு வரும் காயத்தில் பொறியைவிடக் கசடும் கிரைண்டர் தூசியும்தான் அதிகம். ஷீல்டைக் கீழே வைத்துவிட்டு, கொதிக்கும் ஸ்லாக்கைச் சுத்தியால் தட்டினால் அது கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிக்கும். ஷீல்டுக்கு உள்ளேயே வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டால் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. கிரைண்டரின் தகடு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி எழுத இன்னொரு பக்கம் வேண்டும். மாட்டுங்கள்.

கை சுட்டுவிட்டால்?

குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க் வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சூடான வேலையின் மேல் சாக்பீஸால் "சூடு" என்று எழுதி வைப்பது எங்கள் பழக்கம், சிவப்பு போய்விட்ட இரும்பும் முந்நூறு டிகிரி இருக்கும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வெல்டிங் செய்யலாமா?

அந்தக் கருவியின் மாடலைச் சொல்லி இதய டாக்டரிடம் கேட்ட பிறகுதான். அவர் சரி என்றாலும் கேபிளைத் தோளில் போடக்கூடாது, இரண்டு கேபிளையும் சேர்த்தே ஓட விட வேண்டும், மெஷினைத் தள்ளி வைக்க வேண்டும்.

புதிதாக ஒரு பையனைச் சேர்க்கிறோம். முதல் நாள் என்ன சொல்லிக் கொடுப்பது?

ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, அங்கிருந்து வந்தவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும். நேராக வருபவர்களுக்கு நாங்கள் முதல் வாரம் ஹோல்டரைக் கொடுப்பதில்லை. ஆனால் முதல் நாளே அவனுக்கென்று ஒரு ஷீல்டு கொடுத்துவிடுவோம், பெயர் எழுதி. கம்பி பிடிப்பவனுக்குத்தான் அது முதலில் வேண்டும். அடிப்பவர் "கண்ணு" என்று குரல் கொடுக்காமல் ராடைத் தட்டக்கூடாது, பையன் "சரிண்ணே" என்று சொன்ன பிறகுதான் பொறி. மெயின் ஸ்விட்ச் எங்கே, மணல் வாளி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு போய்க் காட்டச் சொல்வோம். எரிந்து முடிந்த ராடுத் துண்டைக் கீழே போடாமல் டப்பாவில் போடுவது அவன் பொறுப்பு, மிதித்தால் உருட்டிவிடும்.

சாயங்காலம் கடைசி அரை மணி நேரம் பட்டறையைச் சுற்றி வந்து எங்காவது புகை வருகிறதா என்று பார்ப்பதும் அவன் வேலைதான். புதுப் பையன்கள் அதை ரொம்ப அக்கறையாகச் செய்கிறார்கள். பழைய ஆட்களைத்தான் துரத்த வேண்டியிருக்கிறது.